கடல் கடந்த நாட்டில் கலகம் மூண்டால்

மட்டக்களப்பு நகரின் வடபால், வாவிக்கரையை ஒட்டி அமைந்துள்ள ஊர் அமிர்தகழி. ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் ஆலயத்துத் தீர்த்தக் குளத்தில் நீராட வரும் அடியார்களால் அவ்வூரின் பெயர் இலங்கை முழுவதும் பரவியுள்ளது. அவ்வூரிலிருந்தும் அதன் அயலூர்களிலிருந்தும் கடல் கடந்து உழைக்கச் சென்றவர் தொகையும் சிறிதன்று. குவைத்திலும், ரியாத்திலும், தோகாவிலும் யாரோ ஒருவர் வீட்டுச் சமையற்கட்டிலே நிற்கும் பெண்ணின் கடவுச்சீட்டில், பிறந்த இடம் மட்டக்களப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது. தாய் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கும் இல்லங்கள் இப்பகுதியிலே அரியவையல்ல. மகளுக்குச் சீதனமாக ஒரு கல்வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாங்கிய கடனை அடைக்க வேண்டும். மகனைப் படிக்க வைக்க வேண்டும். இவையே பெரும்பாலும் அப்பயணத்தின் காரணங்கள். 2022 ஆம் ஆண்டில், பொருளாதார நெருக்கடி வாட்டிய அந்த ஒரே ஆண்டில், இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில் தேடி வெளிநாடு சென்றனர்.

நேயர்களே, ஒருவரை வழியனுப்பும் வேளையில் கலகத்தைப் பற்றியும் போரைப் பற்றியும் பேசுவது அபசகுனம் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். நேர்த்திக்கடன் வைப்பார்கள், கையில் நூல் கட்டுவார்கள், பலகாரம் சுட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். ஆனால், அந்த நாட்டில் ஒரு நாள் கடைகள் அடைபட்டு, விமான நிலையம் மூடப்பட்டால் என்ன செய்வது என்று எவரும் கேட்பதில்லை. கேளாமலிருந்ததன் விலையை நம் நாட்டவர் ஒருமுறை மிகப் பெரிதாகக் கொடுத்திருக்கின்றனர்.

1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் நாள் அதிகாலையில் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அப்பொழுது அங்கே ஏறத்தாழ ஓரிலட்சம் இலங்கையர் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். விமான நிலையம் முதல் நாளே மூடப்பட்டது. வங்கிகள் அடைபட்டன. பல வீடுகளில் எசமானர் குடும்பத்தோடு சவூதி அரேபியாவுக்குத் தப்பிச் சென்றார். பணிப்பெண் வெறும் வீட்டோடு விடப்பட்டாள். இன்னும் சிலர் கோடை விடுமுறைக்காக ஏற்கெனவே வெளிநாடு சென்றிருந்தனர்; பணிப்பெண்ணின் கடவுச்சீட்டோ அவர்களுடைய இரும்புப் பெட்டியில் இருந்தது. தூதரகத்திடம் முறையிடலாம் என்றால், குவைத்திலுள்ள தூதரகங்கள் யாவும் ஓகஸ்ட் 24 ஆம் நாளுக்குள் மூடப்பட வேண்டும் என்று ஈராக் கட்டளையிட்டுவிட்டது. எஞ்சிய வழி ஒன்றே. குவைத்திலிருந்து பஸ்ரா, பஸ்ராவிலிருந்து பக்தாத், பக்தாத்திலிருந்து பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லை. அந்த எல்லையில் ருவைஷித் என்னும் இடத்தை அடுத்து, வெயில் தகிக்கும் வெட்டவெளியில் கூடாரங்கள் எழுந்தன. இலங்கையரும், இந்தியரும், வங்காளதேசத்தவரும், பிலிப்பினோக்களும் அங்கே தண்ணீருக்கும் உரொட்டிக்கும் வரிசையில் நின்றனர். அங்கிருந்து அம்மான் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, சருவதேசக் குடிபெயர்வு அமைப்பின் உதவியோடும் பிற வழிகளாலும் பலர் நாடு திரும்பினர். இந்தியா தன் குடிகளை அம்மானிலிருந்து 59 நாட்கள் இடைவிடாது விமானங்களில் ஏற்றி, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சேர்த்தது.

மட்டக்களப்பிலிருந்து சென்றவர்களுக்கு அந்த ஆண்டு இன்னுமொரு வகையிலும் கொடியது. யூன் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மீண்டும் போர் மூண்டிருந்தது. வாவியின் இரு கரைகளிலும் மக்கள் வீடுகளை விட்டு ஓடிக் கொண்டிருந்தார்கள். குவைத்திலிருந்தவள் வீட்டை நினைத்து அழுதாள். வீட்டிலிருந்தோர் அவளை நினைத்து அழுதனர். இருவருக்கும் இடையே ஒரு வரிச் செய்திகூடச் செல்ல வழியில்லை. பிழைத்து வந்து கொழும்பில் இறங்கியவளுக்கு, தன் வீட்டுக்குப் போகும் பாதையும் போர்க்களமாய் இருந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. கலக காலத்தில் உயிரைக் காக்கும் வழிமுறைகளை வாவிக்கரை மக்களுக்கு வேறெவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. போர் நடந்த ஆண்டுகளில் இப்பகுதியிலே பல வீடுகளில் கதவருகே ஒரு பை தொங்கிக் கொண்டிருந்தது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், ஒரு மாற்றுடை, குழந்தையின் பால்மா ஆகியன அதனுள் இருக்கும். ஓசை கேட்டவுடன் யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது, எந்தக் கோயிலுக்கு அல்லது பாடசாலைக்கு ஓடுவது என்பதெல்லாம் முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கும். பத்திரங்கள் அழிந்தால் வரும் துயரமும் இவர்களுக்குப் புதிதன்று. 1978 நவெம்பர் மாதச் சூறாவளி கூரைகளைத் தூக்கிச் சென்றபோதும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் அழித்தபோதும், ஒரு பிறப்புச் சான்றிதழை மீண்டும் பெறுவதற்காகக் கச்சேரி வாசலில் நின்றவர் எத்தனை பேர்! இவ்வளவு அறிவுடையோர், விமானம் ஏறும்போது அவ்வறிவை ஊரிலேயே விட்டுச் செல்கின்றனர். கலகம் என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியது, பணம் உள்ள நாட்டில் அது வராது என்னும் எண்ணமே அதற்குக் காரணம் போலும். குவைத்தைவிடப் பணமுள்ள நாடு அக்காலத்தில் எது?

ஆகவே முதலில் செய்யத்தக்கது, கதவருகே தொங்கிய அந்தப் பையைக் கடல் கடந்தும் கொண்டு செல்வதே. அதனுள் இருக்க வேண்டியவை சில மாறும். கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி அட்டை, வேலை ஒப்பந்தத்தின் படி, விமானச் சீட்டு, நாள்தோறும் உண்ணும் மருந்து, கைத்தொலைபேசியின் மின்னேற்றி, ஒரு சிறிய கைவிளக்கு, ஒரு போத்தல் தண்ணீர், சிறிதளவு பணம். கைத்தொலைபேசியிலே எல்லா இலக்கங்களும் உள்ளன என்று எவரும் நிம்மதி கொள்ளலாகாது. 2011 சனவரி 28 ஆம் நாள் எகிப்திலே கிளர்ச்சி மூண்டபோது நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது. 2024 யூலையில் வங்காளதேசத்தில் மாணவர் போராட்டம் முற்றியபோதும் அவ்வாறே நடந்தது. ஊரடங்குச் சட்டத்துக்கு நடுவே பிறநாட்டு மாணவர் பலர் பெற்றோருக்கு ஒரு சொல் சொல்ல முடியாமல் தவித்தனர். கலகம் தொடங்கினால் முதலில் மடியும் பொருள் பெரும்பாலும் தொலைபேசி இணைப்பே. எனவே தூதரகத்தின் இலக்கம், எசமானரின் இலக்கம், வீட்டின் இலக்கம், அதே நகரில் வாழும் நம்பத்தகுந்த இரண்டொருவரின் இலக்கம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிப் பொலித்தீன் உறையில் இட்டு வைத்தல் வேண்டும். ஊரிலேயே மனனம் செய்து கொண்ட ஓர் இலக்கமேனும் இருத்தல் நலம்.

கடவுச்சீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூர்க் கலகத்துக்கும் அயல்நாட்டுக் கலகத்துக்கும் இடையேயுள்ள பெரிய வேறுபாடு இதில்தான் உள்ளது. அமிர்தகழியில் இருப்பவள் ஓட வேண்டுமென்றால், அவளுடைய கதவும் அவளுடைய பையும் அவளுடைய காலும் அவளுடையவையே. மத்திய கிழக்கில் வீட்டுப் பணியில் இருப்பவளுக்கோ, கதவின் திறப்பும் கடவுச்சீட்டும் இன்னொருவர் கையில் இருக்கின்றன. கடவுச்சீட்டு என்பது அதனை வழங்கிய அரசாங்கத்தின் சொத்து. எசமானர் அதனைப் பிடித்து வைப்பதற்கு உரிமை இல்லை. குவைத்திலே 2015 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்க வீட்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் சம்மதமின்றிக் கடவுச்சீட்டை வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. ஆயினும் சட்டம் ஒரு பக்கமும் வழக்கம் ஒரு பக்கமுமாக இருப்பதை அங்கிருந்து வந்தோர் அனைவரும் அறிவர். போனவுடனே எசமானரோடு சட்டம் பேசிச் சண்டையிடுமாறு ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்வது எளிது. நான்கு சுவருக்குள் தனியே நிற்பவள் அவளல்லவா? அதனாலே, கேட்டுப் பெற முடிந்தால் பெற்றுக் கொள்க. முடியாவிட்டால் அதன் படிகளையேனும் எவராலும் பறிக்க முடியாதபடி பல இடங்களில் வைத்திருக்க. புகைப்படமுள்ள பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் புறப்படுமுன்பே மூன்று படிகள் எடுத்து, ஒன்றை வீட்டு அலுமாரியிலும், ஒன்றை உறவினர் ஒருவரிடமும், ஒன்றைத் தன் உடைகளுக்கிடையிலும் வைப்பது ஐந்து நிமிட வேலை. படி ஒன்று கையில் இருந்தால் தூதரகம் தற்காலிகப் பயணப் பத்திரம் வழங்குவது எளிதாகும். இல்லாவிட்டால், தான் இலங்கையள் என்பதையே ஒருத்தி முதலில் நிறுவ வேண்டியவளாகிறாள்.

அடுத்து முகவரி. வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகவரி என்னவென்று வீட்டாரைக் கேட்டால், “சவூதி” என்று ஒரே சொல்லில் மறுமொழி கிடைப்பது உண்டு. சவூதி அரேபியா இலங்கையைப் போல் முப்பது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடைய தேசம். போயிருப்பவளுக்கே தன் எசமானரின் முழுப்பெயர் தெரிவதில்லை. ‘பாபா’ என்றும் ‘மாமா’ என்றும் அழைத்துப் பழகிவிடுகிறாள். கலகம் மூண்ட பின்பு தூதரகம் ஒருவரைத் தேட வேண்டுமானால், எசமானரின் பெயர், நகரம், பகுதி, வீதி, வீட்டு எண் ஆகியன தேவை. அரபு எழுத்தில் எழுதிய முகவரியைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து ஊருக்கு அனுப்பி வைக்கலாம்; அருகிலுள்ள பள்ளிவாசல், கடை, மருத்துவமனை ஆகியவற்றின் பெயரையும் குறித்து அனுப்பலாம். வீடு மாறினால் அன்றே புதிய முகவரியை அனுப்புதல் வேண்டும். எசமானரை விட்டு விலகி வெளியே வேலை செய்வோர் இதில் மிகவும் பின்னிற்பர். அவர்களே மிகுந்த ஆபத்தில் இருப்பவரும் ஆவர்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதிலே பதிந்து செல்வோருக்குக் காப்புறுதி உண்டு. அவர் எந்த நாட்டில், யாரிடம் இருக்கிறார் என்ற விபரம் அரசாங்கத்தின் ஏட்டில் இருக்கும். சுற்றுலா விசாவிலே அழைத்துச் சென்று வேலை தருவதாகச் சொல்லும் உபமுகவர்களின் பின்னே செல்வோர் எந்த ஏட்டிலும் இல்லாதவர்கள். ஒப்பந்தம் முடிந்து மீண்டும் புதுப்பிக்கும்போது பதிவையும் புதுப்பிக்க மறந்துவிடுவோர் பலர். காலாவதியான பதிவு கலக நாளிலே பெருந்துணை ஆகாது. இலங்கைத் தூதரகத்திலும் தனியே பெயரைப் பதிந்து கொள்வது நன்று. ஏனெனில், கப்பலோ விமானமோ வரும் நாளில் பெயர்ப்பட்டியல் ஒன்றே வாயிற்காவலன். 2015 ஆம் ஆண்டு யேமன் நாட்டிலே போர் மூண்டபோது, இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஏடன் முதலான துறைகளிலிருந்து மக்களை ஏற்றி, எதிர்க்கரையிலுள்ள ஜிபுத்திக்குக் கொண்டு சென்றன. இந்தியரை மட்டுமன்றி, 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் இந்தியா மீட்டது. அவர்களுள் இலங்கையரும் இருந்தனர். அவ்வாறு அயல்நாட்டுக் கப்பலில் இடம் பெறுவதற்கும், இன்னார் எம் நாட்டவர் என்று தூதரகமோ வெளிநாட்டமைச்சோ சொல்லக்கூடியதாய் இருக்க வேண்டும்.

விசா முடிந்தவர்கள் தூதரகத்துக்குச் செல்ல அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு இடமில்லை. தூதரகம் அந்நாட்டின் பொலிசு நிலையமன்று. தன் குடிமகனுக்கு உதவுவதே அதன் கடமை. 1963 ஆம் ஆண்டு வியன்னாவில் நிறைவேறிய தூதராண்மை உறவுகள் பற்றிய உடன்படிக்கையின் 36 ஆம் உறுப்புரை, பிறநாட்டான் ஒருவன் கைது செய்யப்பட்டால், அவன் வேண்டிக் கொள்ளுமிடத்து அவனுடைய தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஊரடங்கு வேளையில் பிடிபட்டாலும், எதில் கையொப்பமிடச் சொன்னாலும், “எங்கள் தூதரகத்துக்கு அறிவியுங்கள்” என்னும் அந்த ஒரு வாக்கியத்தை அந்நாட்டு மொழியில் சொல்லக் கற்றிருப்பது பெரும் பயன் தரும். ஆயினும், தூதரகத்தால் ஆகாதனவும் உள. அது சிறைக் கதவைத் திறக்காது, கடனைக் கட்டாது, எல்லோருக்கும் இடமளிக்க அதற்கு மண்டபம் இல்லை. குவைத்தில் நேர்ந்ததுபோல் தூதரகமே மூடப்படலும் கூடும். ஆதலின், அயல்நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கத்தையும் சேர்த்துக் குறித்துக் கொள்க.

இனி, கலகம் மூண்டே விட்டது என்று கொள்வோம். இருப்பதா, போவதா? இதுவே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. இதற்குப் பொதுவிதி கூற இயலாது. பழைய அனுபவங்களிலிருந்து சில குறிப்புகள் மட்டுமே பெற முடியும்.

1941 டிசெம்பர் 23 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. பர்மாவிலே அப்பொழுது வணிகராகவும் கூலியாட்களாகவும் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர். தொடக்கத்திலேயே கப்பலேறியவர்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தனர். கடையை விட்டுப் போக மனமின்றியும், கப்பற்சீட்டு வாங்க வழியின்றியும் காத்திருந்தவர்கள், மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடக்க நேர்ந்தது. மேலும் தாமதித்தோரை மே மாதத்து மழை வழியிலே பிடித்துக் கொண்டது. மலேரியாவாலும் வாந்திபேதியாலும் பாதையோரத்தில் மடிந்தோரை எண்ணி முடித்தவர் எவருமில்லை. வெளியேற வழி திறந்திருக்கும்போதே வெளியேறுவது நலம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆனால் லெபனன் வேறொன்றைக் காட்டுகிறது. 2006 யூலை 12 ஆம் நாள் அங்கே போர் தொடங்கியது. மறுநாளே பெய்ரூத் விமான நிலையத்தின் ஓடுபாதை தாக்கப்பட்டது. எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் அந்நாட்டில் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. தெற்கு லெபனனிலே, வீதிகளும் பாலங்களும் தாக்கப்பட்டுக் கொண்டிருந்த நாட்களில், எவரிடமும் கேளாது வாகனமேறுவது வீட்டினுள் இருப்பதிலும் ஆபத்தானது. வழி தெளிந்ததென்று தூதரகமோ செஞ்சிலுவைச் சங்கமோ அறிவிக்கும்வரை, சன்னல்களுக்கு விலகி, கட்டடத்தின் நடுப்பகுதியில் அல்லது நிலத்தடியில் இருப்பதே தகும். பின்னர் சருவதேசக் குடிபெயர்வு அமைப்பு பசுக்களில் மக்களைச் சிரியாவுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து விமானமேற்றியது. லெபனனின் காரித்தாசு நிறுவனம் பணிப்பெண்களுக்குப் புகலிடம் அளித்தது.

அப்போரிலே ஒரு கொடுமையும் நிகழ்ந்தது. எசமானர்கள் தப்பியோடும்போது பணிப்பெண்ணை வீட்டினுள் வைத்துப் பூட்டிச் சென்ற செய்திகள் வந்தன. வீட்டைக் காவல் செய்ய ஒருத்தி வேண்டுமல்லவா! மாடியிலிருந்து இறங்கித் தப்ப முயன்று விழுந்தவர்களும் உண்டு. பூட்டிய வீட்டில் அகப்பட்டவள் மாடியிலிருந்து குதிக்கலாகாது. சேலையையோ படுக்கை விரிப்பையோ முடிச்சிட்டு இறங்குவதும் மரணத்தோடு விளையாடுவதேயாகும். சன்னலிலே வெள்ளைத் துணியைக் கட்டி, அயல் வீட்டாரையும் வீதியிற் செல்வோரையும் கூவியழைத்து, தொலைபேசி இயங்கினால் தூதரகத்துக்கு அறிவித்துக் காத்திருப்பதே வழி. அதனாலேதான், அமைதியான நாட்களிலேயே அயல்வீட்டுப் பணிப்பெண்ணோடு, அவள் எந்த நாட்டவளாயினும், பால்கனியிலிருந்தேனும் ஒரு புன்னகைப் பழக்கம் வைத்திருக்க வேண்டும். எத்தியோப்பியப் பெண்ணோ பிலிப்பினோப் பெண்ணோ, ஆபத்து வேளையில் முதலில் கூப்பிட்டுக் கேட்பவள் அவளாகவே இருப்பாள்.

ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், “கை விடுபட்டால் இந்த இடத்தில் வந்து நில்” என்று ஒரு மரத்தடியையோ கடைவாசலையோ காட்டி வைப்பது வழக்கம். அயல்நாட்டில் ஒரே நகரில் வேலை செய்யும் ஊரவர்களும், நண்பர்களும், கணவன் மனைவியரும் அப்படி ஓரிடத்தைக் குறித்து வைத்திருத்தல் நன்று. தொலைபேசி அறுந்தபின் ஒருவரை ஒருவர் தேடியலைவதே பலரை வீதியிற் கொண்டுபோய் விடுகிறது.

வீதியிலே நடந்து கொள்ளும் முறை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கச் செல்லலாகாது. எந்தக் கட்சியின் நிறத்தையும் கொடியையும் அணியலாகாது. படையினரையும் எரியும் கட்டடத்தையும் படம் பிடிக்கலாகாது. பல நாடுகளில் அத்தகைய படத்தைப் பிறருக்கு அனுப்புவதே குற்றமாகும். வேலையும் போய்ச் சிறையும் வரும். சோதனைச் சாவடியில் கைகள் தெரிய நின்று, கேட்டதற்கு மட்டும் மெதுவாக மறுமொழி கூறுதல் வேண்டும். சாவடி என்றால் என்னவென்று மட்டக்களப்பாருக்கு விளக்குவது வீண் வேலை. விமானம் உண்டு என்ற வதந்தியை நம்பி விமான நிலையத்துக்கு ஓடுவதும் தவறு.

பணத்தைப் பற்றி ஒரு குறிப்பு. குவைத் தினார் உலகிலேயே மதிப்பு மிகுந்த நாணயங்களுள் ஒன்று. 1990 இலே ஈராக் அதனைத் தன் மதிப்பிழந்த தினாருக்குச் சமமாக்கிப் பின்னர் செல்லாக்காசாகவும் ஆக்கிற்று. தலையணைக்குள் சேர்த்தவர்களின் உழைப்பு காகிதமாயிற்று. பர்மாவில் 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத்துத் தாள்கள் ஒரே நாளில் செல்லாதனவாக்கப்பட்டபோது தமிழ் வணிகர் பட்ட பாடும் இதுவே. ஆதலால், சம்பளத்தை மாதந்தோறும் வங்கி வழியாக ஊருக்கு அனுப்பிவிட்டு, வழிச் செலவுக்கு வேண்டிய சிறு தொகையை மட்டும், முடியுமானால் டொலராக, வைத்திருப்பது நலம். வங்கிச் சீட்டுகளை எறிந்துவிடலாகாது.

அந்தச் சீட்டுகளின் பயன் பின்னாளில் தெரியவரும். பணிப்பெண்கள் பலர் ஆபத்தையும் பொருட்படுத்தாது அங்கேயே தங்குவதற்குப் பெருங்காரணம், வர வேண்டிய சம்பளப் பாக்கியே. ஆறு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போவதா என்று மனம் தடுமாறுகிறது. அவளுடைய வீட்டுக் கடனை அறிந்தவர் எவரும் அதனைப் பேராசை என்று சொல்லமாட்டார். ஆனால், குவைத்துப் போரின் பின் நிகழ்ந்ததைக் கேட்டால் அவள் சிறிது ஆறுதல் கொள்ளலாம். 1991 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை இழப்பீட்டு ஆணைக்குழு ஒன்றை செனீவாவிலே நிறுவியது. ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து இழப்பீடு கொடுக்கப்பட்டது. குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்த ஒவ்வொருவருக்கும், வேறு கோரிக்கை எதுவும் இல்லையெனில் 4,000 டொலர், இருந்தால் 2,500 டொலர் என்று நிலையான தொகை விதிக்கப்பட்டது. அதற்குக் காட்ட வேண்டியிருந்த சான்று மிக எளியது: அக்காலத்தில் அங்கிருந்து வெளியேறியதைக் காட்டும் ஏதேனும் ஒரு பத்திரம். கடவுச்சீட்டில் ஒரு முத்திரை போதும். இலங்கை அரசாங்கமும் தன் மக்களின் கோரிக்கைகளைத் திரட்டி அனுப்பியது. அவ்வாணைக்குழு ஏறத்தாழ 15 இலட்சம் கோரிக்கைகளுக்குப் பணம் வழங்கி, 2022 இலேதான் தன் கொடுப்பனவுகளை முடித்தது. எல்லாப் போர்களுக்கும் இத்தகைய நியாயம் கிடைப்பதில்லை என்பதும் உண்மையே. எனினும், வேலைக்குச் சேர்ந்த நாள், மாதச் சம்பளம், பெற்றது, பெறாதது ஆகியவற்றை ஒரு சிறு கொப்பியில் எழுதி வருவோர்க்கே கேட்பதற்கேனும் ஓர் ஆதாரம் இருக்கும். உயிரோடு வந்தால் பாக்கியைக் கேட்கலாம்.

ஊரிலிருக்கும் குடும்பத்தாருக்கும் வேலை உண்டு. செய்தி கேட்டவுடன் பத்துப் பேர் பத்து முறை அழைத்தால் அவளுடைய கைத்தொலைபேசியின் மின்சாரம் அன்றே தீர்ந்துவிடும். வீட்டுக்கு ஒருவர் பேசட்டும். குறித்த வேளையில் பேசட்டும். நீண்ட அழுகை வேண்டாம். எங்கிருக்கிறாள், உணவு உண்டா, தண்ணீர் உண்டா, பத்திரம் கையில் உண்டா என்பவற்றைக் கேட்டெழுதிக் கொண்டு, கிராம உத்தியோகத்தரிடமும், மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும் ஒப்படைக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குவது. முற்றாகத் தொடர்பு அற்றுவிட்டால் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடற் பிரிவு உண்டு. போர்க்காலத்தில் செஞ்சிலுவைக் கடிதத்தால் உறவைக் கண்டறிந்த குடும்பங்கள் மட்டக்களப்பிலே உள்ளன. பணம் தந்தால் அழைத்து வருகிறேன் என்று வீடு தேடி வருபவனை மட்டும் நம்பவேண்டாம். அத்தகையோர் கலகம் கேட்ட மூன்றாம் நாளே வந்துவிடுகின்றனர்.

திரும்பி வருபவள் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கியவுடன் பணியகத்தின் கருமபீடத்தில் வருகையைப் பதிந்து, இழந்த பொருள்களையும் பெறாத சம்பளத்தையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். வீட்டுக்கு வந்து பின்பு பார்க்கலாம் என்று விட்டால் அது நடவாது. உடல்நலத்தையும் காட்டிக் கொள்க. நித்திரையின்மையும் ஓசை கேட்டால் நடுங்குவதும் பல மாதங்கள் நீடிக்கலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் அதற்கும் மருத்துவம் உண்டு.

அவள் வெறுங்கையோடு வருவாள். ஊரிலே பெட்டியைப் பார்ப்பவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி “என்ன கொண்டு வந்தாய்?” என்பதாகவே இருந்து வருகிறது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே, எல்லை திறந்திருந்த நாட்களிலும் புறப்படாமல் தங்கிவிட்டவர்கள் இருக்கின்றனர். அரைகுறையாக நிற்கும் வீட்டுச் சுவரைப் பற்றிய பேச்சைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டு, அவள் கையிலே அந்தக் கொப்பியும் கடவுச்சீட்டின் படியும் இருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றை வாங்கி, பாதுகாப்பாக அலுமாரியில் வைக்க வேண்டியவர் வீட்டிலுள்ள மூத்தவரே.